வேலியோரத்து நஞ்சும் மருந்தும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், ஆலப்பாக்கத்துக்கு முன்னால் வருகிறது செம்மங்குப்பம். பக்கத்தில் ரயில் பாதை, சிப்காட் தொழிற்பேட்டை. கிழக்கே கடற்கரை மணல். மேற்கே போகப் போகச் செம்மண்ணும் முந்திரித் தோப்பும். இந்தப் பக்கத்து வேலியோரம் கொஞ்ச தூரம் நடந்தாலே எருக்கு, ஊமத்தை, காட்டாமணக்கு, ஆமணக்கு, கள்ளி, அரளி என்று வரிசையாகக் கண்ணில் படும். அத்தனையிலும் நஞ்சு உண்டு. அத்தனைக்கும் நாட்டு வைத்தியத்தில் இடமும் உண்டு. சிலவற்றின் சத்து மாத்திரையாகவும் ஊசியாகவும் பெரிய ஆஸ்பத்திரிகளில் புழங்குகிறது.

இந்தச் செடிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். நடந்த விபத்துகளை விசாரித்துப் பாருங்கள். அளவு தவறியதைவிட, செடி மாறியது, பாகம் மாறியது, பக்குவம் செய்யாமல் சாப்பிட்டது என்பவைதான் முன்னால் நிற்கும். அளவைக் குறைத்துக்கொண்டால் போதும் என்ற தைரியமே பலரை வம்பில் மாட்டிவிடுகிறது. ஆகவே இந்த அத்தியாயத்தில் "இத்தனை இலை, இத்தனை விதை" என்ற கணக்கு எங்கும் வராது. வைத்தியத்துக்கும் வராது, ஆபத்துக்கும் வராது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். எந்தச் செடி, அதன் எந்தப் பாகத்தில் நஞ்சு, மேலே பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இங்கே பேச்சு.

இன்னும் இரண்டு நம்பிக்கைகளை முதலிலேயே கழித்துவிடலாம். ஆடு தின்றால் நாமும் தின்னலாம் என்பது ஒன்று. ஆட்டின் வயிறு வேறு, நம் வயிறு வேறு. ஆடு வாய்வைக்காத ஆடாதோடைதான் நமக்கு இருமல் மருந்து. கசந்தால் நஞ்சு, கசக்காவிட்டால் பயமில்லை என்பது இரண்டாவது. வேப்பிலை கசக்கிறது. காட்டாமணக்கு விதையோ நிலக்கடலைபோல ருசியாக இருக்கிறது. பிள்ளைகள் மாட்டிக்கொள்வதே அந்த ருசியால்தான்.

தில்லை

இந்த மாவட்டத்தில் நஞ்சும் மருந்துமான மரம் ஒன்றைச் சொல்லென்றால் முதலில் தில்லையைத்தான் சொல்ல வேண்டும். சிதம்பரத்துக்கே தில்லை என்று பெயர் வாங்கித் தந்த மரம் அது. நடராசர் கோயிலின் தலமரமும் அதுவே. இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் ஊருக்குக் கிழக்கே பிச்சாவரம் போக வேண்டும். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில், ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் கிடக்கிற சுரபுன்னைக் காட்டில், உப்புநீர் ஏறி இறங்கும் கரையோரமாகத் தில்லை நிற்கிறது. படகில் போகிறவர்கள் காலூன்றி நிற்கிற சுரபுன்னை வேர்களைப் படம் பிடிப்பதோடு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்கிற தில்லையைக் கேட்பவர் குறைவு.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. சுரபுன்னைக்கு உள்ளதுபோலத் தாங்குவேர் கிடையாது. வேர்கள் சேற்றின்மேல் பாம்புபோல நெளிந்து ஓடும். இலை வழவழப்பாக இருக்கும். உதிர்வதற்கு முன் செக்கச்செவேலென்று சிவக்கும். பச்சை இலைகளுக்கு நடுவே அங்கங்கே சிவப்பு இலை தெரிந்தால், அது தில்லையா என்று பாருங்கள். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். ஆனால் அடையாளம் பார்ப்பதற்காகக் கிள்ளாதீர்கள். சேதி எல்லாம் அந்தப் பாலில்தான் இருக்கிறது.

பால் தோலில் பட்டால் எரியும், கொப்புளிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும். பல நேரங்களில் அது தற்காலிகமானதுதான் என்றாலும், அந்தச் சமாதானத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆங்கிலேயர்கள் இந்த மரத்துக்குக் கண்ணைக் குருடாக்கும் மரம் என்ற பொருளிலேயே பெயர் வைத்தார்கள். காய்ந்த விறகும் சும்மா இருக்காது. அடுப்பில் வைத்தால் புகை கண்ணை எரிக்கும். பிச்சாவரம், கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் விறகு பொறுக்குகிறவர்களும் உப்பங்கழியில் இறங்கி மீன், இறால் பிடிக்கிறவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. ஒடிந்த கிளையின் பால் கையில் ஒட்டியிருக்கும்போது முகத்து வியர்வையைத் துடைத்தால் போதும், கண்ணுக்குப் போய்விடும்.

இதே பாலைத்தான் பழைய வைத்தியம் ஆறாத புண்ணுக்கும் தொழுநோய்க்கும் பல்வலிக்கும் சொல்லியிருக்கிறது. இன்றைய ஆய்வாளர்களும் இந்த மரத்தை விட்டுவிடவில்லை. தில்லையிலிருந்து பிரித்த ஒரு சேர்மம் எச்.ஐ.வி. கிருமியை ஆய்வுக்கூடத்தில் தடுத்ததாக 1995ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தச் சேர்மம் ஃபார்பால் எஸ்டர் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. தோலைக் கொப்புளிக்க வைப்பதும் அதே குடும்பம்தான். நேர்வாளத்திலும் காட்டாமணக்கிலும் இருப்பதும் அதுவே. ஆய்வுக்கூடக் குப்பிக்குள் கிருமி அடங்கியது என்பதற்கும், மனித உடம்புக்குள் மருந்தாக வேலைசெய்தது என்பதற்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது. தில்லை இன்னும் அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை. ஆகவே வீட்டு வைத்தியத்தில் அதற்கு வேலையில்லை. தலமரமாயிற்றே என்று பக்தியோடு ஒரு இலையைப் பறித்துப் பையில் போட்டுக்கொள்கிற பழக்கமும் வேண்டாம்.

பிள்ளையார் சதுர்த்தி வீட்டில்

களிமண் பிள்ளையாருக்குக் கண் குன்றிமணி, மாலை எருக்கம்பூ. நஞ்சுள்ள இரண்டு செடிகளை நாமே விலைகொடுத்து வாங்கி நடுவீட்டில், குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கிற நாள் அது. பண்டிகையைக் குறைசொல்ல வரவில்லை. பூஜை முடிந்தபிறகு செய்ய வேண்டியதைத்தான் சொல்கிறேன்.

குன்றிமணி விதைக்குள் அப்ரின் என்ற புரதம் இருக்கிறது. ஆமணக்கு விதையில் உள்ள ரிசினுக்குப் பங்காளி அது. பிள்ளையாரைக் கரைக்கப் போகும் முன் குன்றிமணிகளை எடுத்து, எண்ணிப் பார்த்துக் குழியில் போட்டு மூடிவிடுங்கள். கொலுசு, கைவளையம், மாலை என்று துளைபோட்ட குன்றிமணி நகைகளைக் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வைக்காதீர்கள். பொற்கொல்லர்கள் தங்கத்தை எடைபோட்ட மணிதானே, தாத்தா காலத்தில் பல்லாங்குழி ஆடியதுதானே என்பார்கள். ஆடியது பெரிய பிள்ளைகள். வாயில் போடுவது சின்னப் பிள்ளை. குழந்தை விழுங்கியது தெரிந்தால், மெல்லவில்லை, முழுசாகத்தான் போயிருக்கும் என்று நீங்களே முடிவுகட்டிக்கொள்ளாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எருக்கில் ஆபத்து பூவைவிடப் பாலில். காலில் முள் ஏறினால் எருக்கம்பால் விடுவதும், மூட்டுவலிக்கு எருக்கிலையைச் சூடுகாட்டி வைத்துக் கட்டுவதும், ரத சப்தமிக்கு எருக்கிலை வைத்துக் குளிப்பதும் நம் வழக்கம். பூ பறிக்கும்போதும் இலை ஒடிக்கும்போதும் பால் தெறித்துக் கண்ணில் விழுகிறது. இதில் ஒரு சூது உண்டு. எருக்கம்பால் விழியின் உட்படலத்தைத் தாக்கும். ஆனால் பலருக்கு வலியே தெரிவதில்லை. பார்வை மட்டும் புகைபடிந்ததுபோல மங்கும். வலி இல்லையே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உடனே சுத்தமான தண்ணீரை இமையைத் திறந்துபிடித்து, விடாமல் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் விடக் கூடாது. அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். கடலூர் அரசு மருத்துவமனை இருக்கிறது. வடக்கே புதுச்சேரி சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. தில்லைப் பாலுக்கும் கள்ளிப் பாலுக்கும் இதே முறைதான்.

பள்ளிக்கூடத்து மைதானம்

ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டாமணக்கு விளையாட்டுச் சாமான். இலைக்காம்பை ஒடித்து, பாலை வளையமாக்கி ஊதினால் முட்டை முட்டையாகக் குமிழி பறக்கும். இதை ஆடாதவர் கிராமத்தில் அரிது. காயத்தில் ரத்தம் நிற்க அதே பாலைத் தடவுகிற வழக்கமும் உண்டு. குச்சியால் பல் துலக்குகிறவர்களும் உண்டு. பால் துணியில் பட்டால் கறை போகாது. அதற்காக அம்மாவிடம் வாங்கும் அடியைத் தவிர, குமிழி ஊதுவதில் பெரிய தீங்கு நடப்பதில்லை, கண்ணுக்குப் போகாதவரை.

தீங்கு விதையில். 2003ல் திட்டக்குழு பயோடீசலுக்காகக் காட்டாமணக்கு வளர்க்கும் திட்டத்தை முன்வைத்தபிறகு, அதுவரை வேலியில் நின்ற செடி தரிசு நிலங்களுக்கும் வந்தது. எண்ணெய்க் கனவு பெரும்பாலும் கலைந்துவிட்டது. செடி நிற்கிறது. இடைவேளையில் ஒரு பிள்ளை காயை உடைத்து ருசிபார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னால், கூட இருக்கிற அத்தனை பேரும் தின்பார்கள். இதனால்தான் காட்டாமணக்கு விபத்துகள் ஒருவராக வருவதில்லை, கூட்டமாக வருகின்றன. வாந்தி, வயிற்றுப்போக்கு, தொண்டை எரிச்சல், தலைசுற்றல். பெரும்பாலான பிள்ளைகள் சலைன் ஏற்றியதும் தேறிவிடுகிறார்கள். ஆனால் உடம்பின் நீர் வற்றிப்போவது சின்னப் பிள்ளைக்குச் சாதாரணமல்ல.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால், கூட விளையாடியவர்கள் எல்லோரையும் நிறுத்தி விசாரியுங்கள். அடிக்குப் பயந்து முதலில் "இல்லை சார்" என்பார்கள். அடி கிடையாது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். வாந்தி எடுக்காத பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆமணக்கும் இதற்குத் தாயாதிதான். பாகம் மாறினால் குணம் மாறும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. விளக்கெண்ணெய் காலம்காலமாகப் பேதிக்குக் கொடுத்தது; மருந்தாகப் பிழிந்து வரும் எண்ணெயில் ரிசின் கிடையாது. எண்ணெயில் கரையாத அந்த நஞ்சு பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. ஆமணக்குப் பிண்ணாக்கை எருவாக ரோஜாச் செடிக்கும் தென்னைக்கும் போடுகிறவர்கள் மண்ணைக் கிளறி மூடிவிட வேண்டும். வாசனைக்கு நாய் வந்து தோண்டித் தின்னும். கடலைப் பிண்ணாக்கு மூட்டையோடு சேர்த்து அடுக்கவே கூடாது. மாடு பேதம் பார்க்காது.

ஊமத்தை

நடராசர் சடையில் கங்கையோடும் பிறையோடும் ஊமத்தம்பூவும் இருக்கிறது. சிவனுக்கு உகந்த பூ என்பதால் இதைக் குப்பைமேட்டில் கண்டாலும் யாரும் பிடுங்கிப் போடுவதில்லை. சித்த மருத்துவத்தில் இதன் இலைச்சாற்றைத் தேங்காயெண்ணெயோடும் துத்தத்தோடும் காய்ச்சி எடுக்கிற மத்தன் தைலம் புகழ்பெற்றது. ஆறாத புண்ணுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு, மேலே போடுவது. உள்ளுக்கு அல்ல. பச்சையாக இருக்கிறதே என்று இலையை அரைத்துப் புண்ணில் அப்புவதும் மத்தன் தைலமும் ஒன்றல்ல.

ஊமத்தையில் உள்ள அட்ரோப்பின், ஸ்கோபோலமின் ஆகியவை நரம்பின் ஒரு கட்டளையை அறுத்துவிடும். வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கண்பாவை விரிந்து வெளிச்சம் கூசும். உடம்பு சுடும், சிறுநீர் கட்டும், இல்லாத ஆளோடு பேசுவார்கள், காற்றில் எதையோ பிடிப்பார்கள். பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப் போன கதைகள் உண்டு. கண்பாவையைப் பாருங்கள், வாயைத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சொல்லிவிடும்.

அதே அட்ரோப்பின் இல்லாமல் நம் மாவட்டத்து ஆஸ்பத்திரி எதுவும் ஓடாது. வயலில் பூச்சிமருந்து அடிக்கும்போது மயங்கி, வாயில் நுரையும் மார்பில் சளியும் கட்டி வருகிறவருக்கு, அந்த நஞ்சு ஆர்கனோபாஸ்பேட் வகையாக இருந்தால், டாக்டர் முதலில் எடுப்பது அட்ரோப்பின் ஊசியைத்தான். சளி வற்றும்வரை போடுவார்கள். கொஞ்சம் கூடிவிட்டால் நோயாளி ஊமத்தை தின்றவர்போலப் பிதற்ற ஆரம்பிப்பார். பக்கத்தில் நிற்கிற உறவினர்கள் பயந்துவிடுவார்கள். அது நர்சுகளுக்குத் தெரிந்த அறிகுறிதான். ஊசியின் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். ஒரு நஞ்சு இன்னொரு நஞ்சை முறிக்கிற இந்த இடத்தில் அளவு என்பது மணிக்கு மணி ஆளைப் பார்த்து மாற்றுவது. பழமொழி இங்கே பொருந்துகிறது, ஆனால் ஆஸ்பத்திரிக்குள் மட்டும்.

வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு 2020 ஏப்ரல் சாட்சி. ஊமத்தங்காய் கொரோனா உருண்டைபோல முள்ளாக இருப்பதால் அதுவே மருந்து என்று ஒரு வீடியோ டிக்டாக்கில் சுற்றியது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் அதை நம்பி விதையை அரைத்துக் குடித்தவர்கள், குழந்தைகள் உட்பட, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தெரியாமல் உணவில் கலந்துவிடுவதும் உண்டு. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் கீரைப் பாக்கெட்டுகளில் ஊமத்தையின் இனத்துக் களை கலந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். நாம் வரப்பில் கிள்ளுகிற கீரைக்கும் இது பொருந்தும். கீரை கிள்ளுகிறவர் ஒவ்வொரு தழையையும் பார்த்துக் கிள்ள வேண்டும். கொத்தாக அரிவாளால் அறுத்துக் கட்டாகக் கொண்டுவந்தால் ஆய்கிறவர் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

மழைக்குப் பின் முளைப்பது

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். பாடப்புத்தகத்தில் படம் இருக்கிறது. அதன் கிழங்கைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. கலப்பைபோல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு, ஊர்ப் பேச்சில் கண்வலிக் கிழங்கு. இலங்கையில் பூவுக்குக் கார்த்திகைப்பூ என்று பெயர். கார்த்திகைதான் அது பூக்கும் காலம். இலையின் நுனி சுருண்டு கொடுக்காகிப் பக்கத்துச் செடியைப் பற்றிக்கொள்ளும். இந்த அடையாளம் ஒன்று போதும். பூவும் இலையும் காய்ந்தபிறகு மண்ணுக்குள் கிழங்கு மட்டும் கிடக்கும்போதுதான் ஆபத்து. வெட்டியவர் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துவிடுவார். இலங்கை மருத்துவர்கள் இப்படிப்பட்ட விபத்துகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். அவித்தாலும் நஞ்சு போகாது.

இந்த நஞ்சின் பெயர் கோல்ச்சிசின். மூலனூர், தாராபுரம் பக்கமும், நமக்கு அருகில் ஜெயங்கொண்டம் பக்கமும், தெற்கே வேதாரண்யத்திலும் விவசாயிகள் இதைப் பந்தல் போட்டுப் பயிர் செய்வது விதைக்காக. விதை வெளிநாட்டுக்குப் போய்க் கோல்ச்சிசின் ஆகிறது. கீல்வாதத்துக்கு, கால் பெருவிரல் வீங்கித் துடிக்கிற அந்த வலிக்கு, கொடுக்கிற மாத்திரை அது. 2023ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதய நோயாளிகளுக்கும் குறைந்த அளவில் கொடுக்க ஒப்புதல் தந்தது.

கோல்ச்சிசின் மெதுவாகத் தாக்கும். தின்று சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு காலராபோல வாந்தியும் பேதியும். அது ஓரளவு அடங்கியதும் தேறிவிட்டார் என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். உண்மையில் எலும்பு மஜ்ஜையும் சிறுநீரகமும் அடிவாங்குவது அடுத்தடுத்த நாட்களில்தான். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தலைமுடி கொட்டும். ஆகவே டாக்டர் இருக்கச் சொன்ன நாள்வரை இருந்துவிட்டு வாருங்கள். பிரசவ வலிக்காக இந்தக் கிழங்கை அரைத்துப் போடுகிற பழைய வழக்கம் எங்காவது மிச்சமிருந்தால், அதை ஏற்கக் கூடாது. வலி கண்ட பெண்ணைக் கையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

அரளியைப் பற்றி அதிகம் எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்த நஞ்சு. ஆடுமாடு தொடாது என்பதால் நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அதையே நடுகிறார்கள். செவ்வரளி, வெள்ளரளி ஒரு செடி. மணிபோல மஞ்சள் பூ பூக்கும் பொன்னரளி வேறு செடி. நஞ்சு இரண்டிலும் ஒரே மாதிரி இதயத்தைப் பிடிக்கும். 1785ல் வில்லியம் வித்தரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் டிஜிட்டாலிஸ் செடியை இதய மருந்தாக எழுதிவைத்தாரே, அதன் சத்துக்கும் அரளியின் சத்துக்கும் வேலை ஒன்றுதான். பொன்னரளியின் பெருவோசைடு இதயத் தளர்ச்சிக்கு மருந்தாகவே ஆராயப்பட்டது. டிஜாக்சினுக்காகச் செய்த எதிர்மருந்து பொன்னரளிக்கும் கேட்கும் என்பதை இலங்கையில் நடந்த ஆய்வு 2000ல் உறுதிசெய்தது. ஆனால் அது விலை கூடிய மருந்து, எல்லா ஊரிலும் கிடைக்காது. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ கூடாது என்று முடிவெடுத்தது. நம் கோயில்களும் இதை யோசிக்கலாம். மாலையில் இருக்கட்டும், திருநீற்றுத் தட்டிலும் வாயில் போடுகிற பிரசாதத்திலும் வேண்டாம்.

நித்தியகல்யாணிக்கு எங்கள் பக்கம் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர். சர்க்கரைக்கு நல்லது என்று காலையில் பூவை மெல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், விஞ்ஞானிகளும் சர்க்கரையைத் தேடித்தான் போனார்கள். ஜமைக்காவிலிருந்து வந்த இலையைக் கனடாவில் ராபர்ட் நோபலும் சார்லஸ் பீரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தின் வெள்ளையணுக்கள் குறைந்தன. அந்த வழியில் 1958ல் வின்பிளாஸ்டின் வந்தது. அடுத்து வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு. வெள்ளையணுவைக் குறைக்கிற செடியைத் தினமும் மெல்லுவது எதற்கு என்று மெல்லுகிறவர்களிடம் கேளுங்கள்.

பக்குவம்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் கைகளைப் பார்த்தால் பக்குவம் என்றால் என்னவென்று புரியும். முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தோலை அரித்துக் கருக்கும். சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டுதான் உடைக்கிறார்கள். ஓட்டை வறுத்து, உடைத்து, தோலுரித்தபிறகு உள்ளே இருக்கிற பருப்பு பாயசத்துக்கு வருகிறது. முந்திரியின் இனமான சேராங்கொட்டையில் அந்த எண்ணெய் இன்னும் உக்கிரம். வெளுக்கிறவர்கள் துணியில் அழியாக் குறிபோட்டது அதனால்தான். சித்த மருத்துவர்கள் அதைச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். எட்டிக்கொட்டையும் அப்படியே. 1818ல் பிரான்சில் பெல்தியேயும் கவாந்துவும் ஸ்ட்ரிக்னினைப் பிரித்தெடுத்த எட்டி இனம், நம் மருத்துவத்தில் பாலில் வேகவைத்தல் போன்ற சுத்தி முறைகளைத் தாண்டித்தான் மருந்துக்குள் போகிறது. சுத்தி செய்தால் ஸ்ட்ரிக்னின் குறைவதை இன்றைய சோதனைகளும் காட்டுகின்றன. ஆனால் சரியாகச் சுத்தி செய்த கொட்டையையும் செய்யாத கொட்டையையும் கடைச் சரக்கில் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. நாட்டு மருந்துக் கடையில் இவற்றைத் தனியாக, பொட்டலமாக வாங்கவே கூடாது என்பது என் கருத்து. தயாரான மருந்தாக, உரிமம் எண்ணும் தயாரித்த தேதியும் உள்ள குப்பியாக வாங்குங்கள்.

குப்பியில் இன்னொன்றையும் பாருங்கள். மருந்து மற்றும் அழகுப்பொருள் விதிகளில் இ(1) என்று ஓர் அட்டவணை இருக்கிறது. ஆயுர்வேதம், சித்தம், யுனானிக்கான நஞ்சுப் பொருள்களின் பட்டியல். சித்தத்தின் கீழ் எட்டி, குன்றி, சேராங்கொட்டை, கலப்பைக் கிழங்கு, அரளி, நேர்வாளம், கள்ளி வகைகள் எல்லாம் வரும். தில்லையும் வரும். இவை சேர்ந்த உள்மருந்தில் மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடவும் என்ற எச்சரிக்கையைக் கண்ணில் படும்படி அச்சிட வேண்டும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடச் சொல்கிறது விதி. சித்த மருந்தை வாங்கிச் சாப்பிடுகிற நம் பாட்டிக்கு அந்த இரண்டு மொழியும் தெரியாது என்பதை விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. வீட்டில் படித்த பிள்ளை வாசித்துச் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் கேளுங்கள்.

பறிக்கிற இடமும் பக்குவத்தில் சேரும். கீழாநெல்லியாகவே இருந்தாலும், ரயில் பாதை ஓரத்திலும் தொழிற்பேட்டை வடிகால் கரையிலும் பறிக்காதீர்கள். தண்டவாளத்து ஓரம் களைக்கொல்லி அடிப்பது உண்டு. வடிகால் கரைச் செடி எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்தச் செடிகளைப் பயமில்லாமல் பயன்படுத்துகிற இடம் ஒன்று உண்டென்றால் அது வயல்தான். எருக்கு, ஊமத்தை, நொச்சி, வேம்பு, ஆடாதோடை போன்ற தழைகளை இடித்து மாட்டுக் கோமியத்தில் ஊறப்போட்டு எடுக்கிற ஐந்திலைக் கரைசல் பூச்சிகளை விரட்டும். இயற்கைக் கரைசல்தானே என்று வெறுங்கையால் கலக்காதீர்கள். கையுறையும் கண்ணாடியும் வேண்டும். ஊறல் பானை சமையல் பக்கம் வரக் கூடாது. கரைசலைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. கீரைக்கும் கத்தரிக்கும் அடித்தால் சில நாள் விட்டுப் பறித்து, நன்றாகக் கழுவுங்கள்.

ஒருவர் தின்றுவிட்டால்

சாணிக்கரைசல், புளிக்கரைசல், உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி மூச்சுக்குழலுக்குள் போனால் செடியின் நஞ்சைவிட அதுவே முந்திக்கொள்ளும். வாயில் மிச்சமிருக்கும் துணுக்குகளைத் துப்பச் சொல்லி வாயைக் கொப்பளிக்க வையுங்கள். மயக்கமாக இருந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108க்குக் கூப்பிடுங்கள். செம்மங்குப்பம் பக்கத்திலிருந்து வடக்கே கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, தெற்கே சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

வேண்டுமென்றே சாப்பிட்டிருந்தால் ஏன் செய்தாய் என்று வழியெல்லாம் விசாரிக்காதீர்கள், திட்டாதீர்கள். உண்மையை டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம். பிழைத்து வந்தபிறகு அவர் பேச ஓர் ஆள் வேண்டும். 104 எண்ணில் ஆலோசனை கிடைக்கும், வீட்டாரும் அதில் பேசலாம்.

போகும்போது செடியின் ஒரு கிளையை, இலை, பூ, காய் எது இருந்தாலும் அதோடு, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையால் ஒடிக்காதீர்கள். கிடைக்காவிட்டால் போனில் படம் எடுங்கள். செடியின் ஊர்வழக்குப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. அரளி என்றால் டாக்டர் எந்த அரளி என்று கேட்பார். எப்போது சாப்பிட்டார், எந்தப் பாகம், மென்றாரா விழுங்கினாரா, வீட்டில் கைவைத்தியமாக என்ன கொடுத்தீர்கள் என்ற நான்கையும் ஒருவர் பொறுப்பெடுத்துச் சொல்லட்டும். கடைசிக் கேள்விக்குத்தான் பலர் வெட்கப்பட்டுப் பொய் சொல்கிறார்கள். சாணிக்கரைசல் கொடுத்திருந்தால், கொடுத்தோம் என்றே சொல்லிவிடுங்கள்.